சத்தம் போடாத பிள்ளை

மல்லசமுத்திரம்
8-1-1937

வசந்தாமணிக்கு,

உன் அண்ணன் சின்னுசாமி உன்னை வண்டியேற்றிக்கொண்டு போனபோது என்ன சொன்னான்? "பத்தே நாளுங்க மாப்பிள்ளை, டாக்டரம்மாகிட்டக் காட்டிப்போட்டுக் கொண்டாந்து உட்டர்றேன்" என்றான். தீபாவளி கழிந்து போனவள், பொங்கல் வந்துவிட்டது. சேலத்தில் பத்து நாள் என்பது இவ்வளவு நீளமா?

கடலைக்காய் பறித்துக் களத்தில் கிடக்கிறது. எருமை ஈன்றிருக்கிறது. இந்த வயதில் அம்மா ஒருத்தியே சாணியும் எடுத்து, சோறும் ஆக்கி, உன் பிள்ளையையும் பார்க்கிறாள். பார்க்கிறவர்கள் எல்லாம் "மருமவ எங்கீங்க?" என்று கேட்கிறார்கள். நோயாளி என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. என்ன நோய் என்று கேட்டால் என்ன சொல்வது? உட்கார்ந்த இடத்தில் தூங்குகிற நோய். குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போடுகிற நோய். சித்திரை வெயிலில் கம்பளி கேட்கிற நோய். கூப்பிட்டால் ஆம்பிளைக் குரலில் 'ஊம்' என்கிற நோய். இதற்கெல்லாம் எங்கள் ஊரில் ஒரே பேர்தான், சோம்பல்.

போனவள் குழந்தையைப் பற்றி ஒரு வரி எழுதிக் கேட்டாயா? அவள் உன்னைப் போல இல்லை, தங்கம். அம்மா பேரை வைத்ததற்கு அம்மாவின் பொறுமை வந்திருக்கிறது. வைத்த இடத்தில் இருக்கிறாள், சத்தமே போடுவதில்லை. ராமாயி மாதிரி ஒரு பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்று தெருவே சொல்கிறது.

ஜேடர்பாளையத்தில் எனக்கு ஒரு பெண் இருப்பதாக என் மாமா வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. யோசித்துக்கொள்.

வேலுமணி

---

சேலம், செவ்வாய்ப்பேட்டை
19-1-1937

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. பதில் எழுத வேண்டும் என்று தினமும் நினைத்தேன். உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது. அண்ணிதான் தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள்.

நான் செய்தது தப்புதான். கடலைக்காய் வேலை எனக்குத் தெரியும். வர முடியவில்லை. கால் வீக்கம் அப்படியே இருக்கிறது.

டாக்டரம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். புருவத்தைப் பார்த்தாள். புருவம் பாதி உதிர்ந்துவிட்டது, நீங்கள் பார்த்தீர்களா? நான் பார்க்கவில்லை. கழுத்துக்குள் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதற்குத் தைராயிட் என்று பேர். எனக்கு அது வேலை செய்யவில்லையாம். அதனால்தான் குளிர், அதனால்தான் தூக்கம் என்றாள். மருந்து பட்டணத்திலிருந்து வர நாளாகிவிட்டது. முந்தாநாள்தான் வந்தது. அரை மாத்திரை. இதயம் தாங்க வேண்டுமாம், அதனால் அரைதான். ஆட்டுக் கழுத்தில் இருக்கிற சுரப்பியைக் காயவைத்துப் பொடித்துச் செய்வதாம்.

குழந்தை நன்றாக இருக்கிறாளா. இதை முதலில் கேட்டிருக்க வேண்டும். மறந்துவிட்டேன்.

ஜேடர்பாளையம் பற்றி நீங்கள் சொல்வதுபோல் செய்யுங்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வசந்தாமணி

---

மல்லசமுத்திரம்
2-2-1937

வசந்தாமணிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆட்டுக் கழுத்து என்றதும் அம்மா சிரித்தாள் பார், அப்படிச் சிரித்து வெகு நாளாயிற்று. "அதுக்கு எதுக்குங் கண்ணு சேலம் போகோணும்? நோம்பிக்கு நோம்பி கெடா வெட்டறோமே, கழுத்தாவே கொளம்பு வச்சுத் தர்றன், வரச் சொல்லு" என்றாள்.

மனுசிக்கு ஆட்டின் உறுப்பைக் கொடுத்து அந்தப் பெண்பிள்ளை டாக்டர் வைத்தியம் பண்ணுகிறாள். உன் அண்ணன் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். மண்டியில் கணக்கெழுதப் போனதும் ஊர்ப் புத்தி போய்விட்டது. எத்தனை நாளைக்குத் தின்ன வேண்டும் என்று கேட்டாயா?

ஜேடர்பாளையம் பற்றி 'ஒன்றும் தோன்றவில்லை' என்று எழுதியிருக்கிறாய். ஒரு பெண்டாட்டி புருஷனுக்கு எழுதுகிற வார்த்தையா இது? அழுதிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நீ கட்டை. கட்டையோடு எவன் குடும்பம் நடத்துவான்?

மாசி முடிவதற்குள் வராவிட்டால் பிறகு வரவே வேண்டாம்.

வேலுமணி

---

சேலம், செவ்வாய்ப்பேட்டை
27-2-1937

மாமாவுக்கு,

என்னைக் கட்டை என்று எழுதிய கடிதத்தை இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். வந்த அன்று படித்தபோது எனக்கு உறைக்கவில்லை. நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன், உடம்பெல்லாம் எரிந்தது. டாக்டரம்மாவிடம் போய், "அம்மா, எனக்குக் கோபம் வருதுங்க" என்றேன். அவள் என் கையைப் பிடித்துச் சிரித்து, "மருந்து வேலை செய்யுது" என்றாள்.

மாமா, எனக்கு வியர்க்கிறது. இரண்டு வருஷமாக எனக்கு வியர்க்கவே இல்லை என்பது வியர்த்த பிறகுதான் தெரிகிறது. விடியுமுன் விழிப்பு வருகிறது. முகத்து ஊதல் வடிந்து, அண்ணன் என்னை அடையாளம் கண்டு கண் கலங்குகிறான். நடுவில் மாத்திரையைக் கூட்டியபோது நெஞ்சு படபடவென்று அடித்துப் பயந்துபோனேன், டாக்டரம்மா குறைத்துவிட்டாள். எத்தனை நாள் தின்ன வேண்டும் என்று கேட்டீர்களே, ஆயுசு முழுவதும். உங்களுக்கு ஆயுசு முழுவதும் சோறு வேண்டியிருப்பதுபோல எனக்கு இதுவும் வேண்டும்.

என் சண்டை இருக்கட்டும், அதை நேரில் போட்டுக்கொள்ளலாம். இப்போது சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் ஒருத்தி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அசையவில்லை, அழவில்லை. நாக்கு வெளியே தொங்கியது. தோல் வறண்டு, தொப்புள் பிதுங்கி, வயிறு பெருத்திருந்தது. நான் "எங்க ராமாயியாட்டவே இருக்குதுங்க" என்று ஆசையாகச் சொன்னேன். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உன் பிள்ளை அழுவாளா? உட்காருவாளா? என்ன வயசு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் பதில் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறிவிட்டது.

ஒன்றரை வயதுப் பிள்ளை வைத்த இடத்தில் இருப்பது பொறுமை இல்லை, மாமா. அதுவும் என் நோய்தான். பிறந்ததிலிருந்தே இருக்கிறதாம். இதே மாத்திரைதான், அவளுக்கு இன்னும் கொஞ்சமாக. ஆனால் என்னைப்போல அவளால் காத்திருக்க முடியாது. பெரியவர்களுக்குப் போன புத்தி மருந்தில் திரும்பி வரும். குழந்தைக்கு மூளை வளருகிற நாளெல்லாம் இந்தச் சத்து இல்லாமல் போனால், போன நாள் போனதுதான் என்கிறாள்.

நானும் பக்கத்தில் கட்டையாகக் கிடந்தேன், அதனால் தெரியவில்லை. இப்போது தெரிந்துவிட்டது. அடுத்த பஸ்ஸில் ராமாயியை அழைத்து வாருங்கள்.

வசந்தாமணி

---

மல்லசமுத்திரம்
11-3-1937

வசந்தாமணிக்கு,

உனக்குக் கோபம் வருகிறதென்றால் வைத்துக்கொள், என் பிள்ளை மேல் ஏன் நோயை ஏற்றுகிறாய்? உன் உடம்பில் இருக்கிற கோளாறுக்குத் துணை தேடுகிறாயா? அப்படியே இருந்தாலும் அது உன் வீட்டு ரத்தம். எங்கள் வம்சத்தில் இப்படி எதுவும் கிடையாது.

என் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. சில பிள்ளைகள் மெதுவாகத்தான் நடக்கும். நானே இரண்டு வயதில்தான் நடந்தேன் என்று அம்மா சொல்கிறாள்.

அனுப்பவும் முடியாது. மாரியாத்தாள் நோம்பிக்குப் பூச்சாட்டிக் கம்பம் நட்டாயிற்று. நம் வீட்டில் எல்லார் கையிலும் காப்பு, குழந்தை கையிலும் கட்டியிருக்கிறது. கட்டினவர்கள் ஊர் எல்லை தாண்டி இராத் தங்கக்கூடாது என்பது உனக்குத் தெரியாததல்ல. கவிச்சியும் வீட்டுக்குள் வரக்கூடாது. ஆகவே நீயும் உன் ஆட்டுக் கழுத்தை எடுத்துக்கொண்டு இங்கே வராதே. கம்பம் பிடுங்கட்டும், மஞ்சள் நீராட்டு முடியட்டும், பிறகு சித்திரையில் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா ஆத்தாளுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள். ஆசாரியிடம் வெள்ளியில் கால் தகடும் நாக்குத் தகடும் செய்து வாங்கி வைத்தாயிற்று. நோம்பிப் பொங்கல் அன்று குழந்தையைக் கோயில் வாசலில் கிடத்தித் தகட்டை உண்டியலில் போடப்போகிறாள். டாக்டருக்குத் தெரிவது ஆத்தாளுக்குத் தெரியாதா?

வேலுமணி

---

சேலம், செவ்வாய்ப்பேட்டை
14-3-1937

மாமாவுக்கு,

ஒன்றும் இல்லாத பிள்ளைக்குக் கால் எதற்கு? ஒன்றும் இல்லாத பிள்ளைக்கு நாக்கு எதற்கு?

கால் என்றால்கூட நடக்கவில்லை என்று வைத்தாள் எனலாம். நாக்கையும் அடிக்கச் சொல்லியிருக்கிறாள் அத்தை. அவள் பார்த்திருக்கிறாள். எந்த இடத்தில் குறை என்று ஆசாரியிடம் சொல்ல வாய் வந்தது, எனக்கு எழுத உங்களுக்குக் கை வரவில்லை. தெருவெல்லாம் தங்கம், கோயிலில் மட்டும் நோயா? நீங்கள் இருவரும் தெரிந்துகொண்டுதான் என்னிடம் சாதிக்கிறீர்கள்.

ஆத்தாளை நான் குறை சொல்லவில்லை. நேர்ந்ததைச் செய்யட்டும். ஆனால் சித்திரை என்கிறீர்களே, அதுவரைக்கும் பிள்ளையின் மூளை காப்புக் கட்டிக்கொண்டு காத்திருக்குமா? சித்திரை வந்தால் உழவு என்பீர்கள், வைகாசியில் யாராவது வீட்டுக் கல்யாணம் என்பீர்கள். உங்களை எனக்குத் தெரியும். கட்டையாக இருந்தபோதுதான் தெரியவில்லை.

நான் வாரேன்.

வசந்தாமணி

---

மல்லசமுத்திரம்
24-3-1937

அடி வசந்தாமணி,

பெண்பிள்ளை செய்கிற காரியமா இது? ஊரே மாவிளக்கு எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து வந்து, எங்கள் தோட்டத்து ஆராயியை வாசலில் நிறுத்திவைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாய். கையில் கட்டிய காப்போடு!

நடந்தது என்னவென்று கேள். அம்மாவின் தலையிலிருந்த தட்டத்தைக் கோயில் வாசலிலேயே இறக்கிவைக்கச் சொல்லிவிட்டார்கள். காப்பை மீறின வீட்டு விளக்கு ஆத்தாளுக்கு ஆகாதாம். அம்மா அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுப்பி அழைத்து வர முடியவில்லை. மழை பெய்யாவிட்டால் இந்த வருஷம் அதற்கும் நாங்கள்தான் காரணம் என்பார்கள். நான் தலைகுனிந்து தெருவில் நடக்கிறேன். ஜேடர்பாளையத்துக்காரர்களும் சேதி கேட்டுப் பின்வாங்கிவிட்டார்கள். உனக்குச் சந்தோஷம்தானே?

கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தாலாவது மனிதர் செய்கை. என் பிள்ளை. என் அம்மா ராப்பகலாக மடியில் போட்டு வளர்த்த பிள்ளை. அவளுக்கு ஏதாவது ஆனால் உன்னையும் உன் அண்ணனையும் நான் சும்மா விடமாட்டேன்.

வேலுமணி

---

சேலம், செவ்வாய்ப்பேட்டை
3-4-1937

மாமாவுக்கு,

கேட்டேன். இரண்டு கடிதத்தில் கேட்டேன்.

அத்தையின் தட்டத்தை இறக்கியதற்கு எனக்கு வருத்தம்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதற்கு வருத்தமில்லை.

அங்கே பிள்ளையைத் தூக்குமுன் ஈரச் சட்டையை மாற்றக் கழற்றினேன். தொப்புளைச் சுற்றி மஞ்சளைச் சுட்டு வைத்த சூடு, புதுசாக, நீர் கோத்திருந்தது. சூடு வைத்தபோதாவது அழுதாளா என்று ஆராயியிடம் கேட்டேன். "முக்கி முக்கிப் பாத்துச்சுங்க அம்மிணி, சத்தம் வரலீங்க" என்றாள். இதைத்தானே தெருவில் பொறுமை என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்?

ஆராயி இன்னொன்றும் சொன்னாள். நான் பிள்ளையைத் தோளில் போட்டபோது, "கொண்டு போயிருங்க சாமி. இந்த ஊட்டுல இதே மாதர இன்னொண்ணு இருந்துச்சு. அத்தாயின்னு பேரு. பதினஞ்சு வருசம் அந்த மூலையிலயே கெடந்து, அஞ்சு வயசுப் புள்ளையாட்டத்தான் செத்துச்சு" என்றாள்.

உங்களுக்கு ஓர் அக்காள் இருந்தாள் என்பதை என் கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து, பண்ணையத்துக்காரி வாயால் கேட்கிறேன். ஒரே பிள்ளை என்று சொல்லித்தானே என் அப்பனிடம் பெண் கேட்டீர்கள்? என் வீட்டு ரத்தம் என்று எழுதினீர்களே, எழுதும்போது கை கூசவில்லையா? யார் ரத்தம் என்று டாக்டரம்மாவே சொல்ல முடியாது என்கிறாள். எனக்கும் அது வேண்டாம். ஆனால் அத்தாயி எப்படி இருந்தாள் என்று பார்த்தவர் நீங்கள். ராமாயி எப்படி ஆவாள் என்று முழுதாகத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். தெரிந்தும் சித்திரை என்றீர்கள்.

மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுக்கிறேன். நடப்பாள், வளருவாள் என்கிறாள் டாக்டரம்மா. புத்தி எவ்வளவு வரும் என்று கேட்டேன். பிறந்த கையோடு கொண்டுவந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று மட்டும் சொன்னாள். நான் ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

வசந்தாமணி

---

மல்லசமுத்திரம்
20-4-1937

வசந்தாமணிக்கு,

ஆராயியை வேலையை விட்டு நிறுத்தலாம் என்றிருந்தேன். நிறுத்தவில்லை.

அத்தாயியைப் பற்றி என்ன எழுத வேண்டும் உனக்கு? என்னைவிட மூத்தவள். நான் அவளைவிட உயரமான பிறகு நான்தான் தூக்கி வெயிலில் உட்கார்த்துவேன். அவள் சாகும்வரைக்கும் அம்மாதான் சோறு ஊட்டினாள். ஒரு தடவைகூட அலுத்துக்கொண்டதில்லை. செத்தபோது ஊரார் "விடுதலை" என்றார்கள். அன்றிலிருந்து வீட்டில் யாரும் அவள் பேரை எடுப்பதில்லை. மறைக்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. அம்மாவால் அந்தப் பேரைக் கேட்க முடியாது, அவ்வளவுதான்.

ராமாயி பிறந்து நாலாம் மாசமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அம்மாவுக்கும் வந்திருக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வாய்விட்டுச் சொன்னால் நிஜமாகிவிடும் என்று இருந்தோம்.

மருந்தே இல்லாத நோய் என்றுதானே அத்தாயியைப் புதைத்தோம்? ஆத்தாளின் விதி என்று அம்மா இருபது வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். இப்போது நீ, ஒரு மாத்திரை, அரை மாத்திரை என்று எழுதுகிறாய். உன் மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் என்று உனக்குத் தெரியாது. மருந்து இருக்கிறது என்று நீ எழுதிய அன்றைக்கே எனக்கு ஆத்திரம். அது பொய்யாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் சொந்தப் பிள்ளைக்கு மருந்து இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டவன் நான். இப்போது திட்டு.

ஒன்று மட்டும் கேட்டு எழுது. இந்த மருந்து அத்தாயி இருந்த காலத்திலேயே இருந்ததா?

வேலுமணி

---

சேலம், செவ்வாய்ப்பேட்டை
16-5-1937

மாமாவுக்கு,

அத்தை எங்கே என்று நீங்கள் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருப்பீர்கள். இங்கே இருக்கிறாள். நேற்று மத்தியானம் தன்னந்தனியாக பஸ் ஏறி, செவ்வாய்ப்பேட்டை முழுக்கச் சின்னுசாமி வீடு எதுவென்று கேட்டுக்கொண்டே வந்து வாசலில் நின்றாள். நான் வா என்று சொல்லவில்லை. சூடு வைத்த கையைத்தான் பார்த்தேன். அண்ணிதான் உள்ளே அழைத்தாள்.

ராமாயி பாயில் உட்கார்ந்திருந்தாள். தானாக உட்காருகிறாள் இப்போது. நாக்கு உள்ளே போய்விட்டது. ஒன்றைக் கையில் எடுத்தால் விடமாட்டேன் என்கிறாள், பிடுங்கினால் வீடு அதிரக் கத்துகிறாள். அத்தை குனிந்ததும் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். அத்தை விடுவிக்கவே இல்லை. அப்படியே குனிந்தபடி வெகு நேரம் இருந்தாள்.

பிறகு மாத்திரைக் குப்பியை எடுத்து வரச் சொன்னாள். மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள், "இது எப்பத்துலிருந்துங் கண்ணு வருது? எங்க அத்தாயி இருக்கறப்ப இது இருந்துச்சா?"

நீங்கள் கேட்டதையேதான் அவளும் கேட்டாள். உங்கள் கடிதம் வந்த மறுநாளே நான் டாக்டரம்மாவிடம் விசாரித்து வைத்திருந்தேன். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அந்தத் தொப்புள் சூட்டுக்கும், ஆட்டுக் கழுத்து என்று சிரித்ததற்கும், வீணாகப் போன அத்தனை மாசத்துக்கும் அந்த ஒரு வார்த்தை போதும். அவளை அங்கேயே சாய்த்துவிட்டிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இல்லீங்கத்தே. இப்பத்தான் ரெண்டு மூணு வருசமா வருதுங்க" என்றேன்.

அத்தை குப்பியை மூடினாள். "அப்பச் செரி சாமி" என்றாள். அப்புறம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ராமாயியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இன்னும் தூங்குகிறாள்.

உங்களுக்கு நான் பொய் சொல்லப்போவதில்லை. நீங்கள் கேட்டீர்கள், பதில் எழுதுகிறேன். இருந்தது. அத்தாயி பிறப்பதற்கு முன்னாலேயே இருந்தது. சீமையில் மட்டுமல்ல, பட்டணத்திலும் கிடைத்திருக்கும் என்கிறாள் டாக்டரம்மா. இதை நீங்கள் ஒருவர்தான் சுமக்க வேண்டும். என் மேல் இருக்கிற ஆத்திரத்தோடு இதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் கோபம் தீரவில்லை. மாத்திரை இருக்கிறவரைக்கும் தீராது என்று நினைக்கிறேன். ஆனாலும் வாருங்கள். வந்து உங்கள் பிள்ளைக்கு உங்கள் கையால் ஒரு வேளை மருந்து கொடுங்கள், பிறகு யார் எங்கே இருப்பது என்று பேசிக்கொள்ளலாம். அத்தை உங்களிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பாள். நான் சொன்ன பதில் நிஜமா என்று உங்கள் முகத்தைப் பார்ப்பாள். அப்போது மருந்து இல்லை என்று சொல்லுங்கள். தடுமாறாமல் சொல்லுங்கள்.

வசந்தாமணி